பயிற்சி போக மிஞ்சும் உணவு: ஓடியாடும் பெண்கள் அறிய வேண்டிய ஒரு கணக்கு

கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது இயல்புதான், பயிற்சியை விட்டால் தானாகச் சரியாகிவிடும் என்ற பேச்சைத் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து மைதானங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் பெண்களும், பள்ளிக் கபடி அணியில் ஆடும் மாணவிகளும், அவர்களுடைய தாய்மார்களும், சில வேளைகளில் பயிற்சியாளர்களுமே இதை நம்புகிறார்கள். மாதாமாதம் வரும் தொல்லை விட்டதே என்று நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. இந்த நம்பிக்கை தவறானது. அது இருபது வயதில் சேர்ந்திருக்க வேண்டிய எலும்பின் உறுதியைப் பறித்துவிடக் கூடியது என்பதால், தவறு என்று சொல்லி நகர்ந்துவிடவும் முடியவில்லை. பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோனால், கர்ப்பமும் பிற நோய்களும் இல்லை என்று உறுதியான பிறகு, பெரும்பாலும் தெரியவரும் காரணம், அவள் செய்யும் பயிற்சிக்கு ஏற்ற உணவு அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே. இந்த ஒரு கருத்தை, அதன் பின்னாலிருக்கும் கணக்கோடு சேர்த்து, முதன்முறையாகப் படிப்பவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

எஞ்சும் ஆற்றல் என்றால் என்ன

உணவிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலைக் கிலோ கலோரியில் அளக்கிறோம். பேச்சு வழக்கில் கலோரி என்று சுருக்கிச் சொல்வதையே இங்கும் பின்பற்றுகிறேன். ஒருவர் போதுமான அளவு சாப்பிடுகிறாரா என்று பார்க்க, பொதுவாக நாம் எடையைத்தான் பார்க்கிறோம். எடை ஏறினால் அதிகம் சாப்பிடுகிறார், இறங்கினால் குறைவாகச் சாப்பிடுகிறார், அப்படியே நின்றால் வரவும் செலவும் சரியாக இருக்கின்றன என்று முடிவு கட்டுகிறோம். அன்றாடம் பயிற்சி செய்யும் பெண்களைப் பொறுத்தவரை இந்த வழி பல நேரங்களில் ஏமாற்றிவிடுவதால், விளையாட்டு மருத்துவத்தில் வேறொரு கேள்வி கேட்கப்படுகிறது. நாள் முழுவதும் சாப்பிட்டதிலிருந்து பயிற்சிக்குச் செலவான ஆற்றலை முதலில் கழித்துவிட்டால், உடலின் மற்ற வேலைகளுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே அந்தக் கேள்வி. இப்படி மிஞ்சுவதை இக்கட்டுரையில் எஞ்சும் ஆற்றல் என்று குறிப்பிடுவேன். ஆளுக்கு ஆள் ஒப்பிட வசதியாக, அதை உடலின் கொழுப்பு நீங்கிய எடையால் வகுத்துச் சொல்வார்கள். தசை, எலும்பு, உள்ளுறுப்புகள், உடலிலுள்ள நீர் ஆகியவற்றின் எடையே கொழுப்பு நீங்கிய எடை.

பயிற்சிச் செலவை ஏன் முதலில் கழிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஓடும்போது தொடைத் தசை தனக்கு வேண்டிய எரிபொருளை அந்தக் கணமே எடுத்துக்கொள்கிறது. உணவு போதவில்லை என்பதற்காக ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தின் செலவு குறைந்துவிடுவதில்லை. ஆகவே பற்றாக்குறை எதுவானாலும் அது மற்ற வேலைகளின் மேல்தான் விழுகிறது. இதயம் துடிப்பது, மூளை இயங்குவது, உடல் சூட்டைக் காப்பது, கிழிந்த தசையைச் சீராக்குவது, நோயை எதிர்ப்பது, பழைய எலும்பைக் கரைத்துப் புதிய எலும்பைக் கட்டுவது, மாதச் சுழற்சியை நடத்துவது ஆகிய எல்லாவற்றுக்கும் எஞ்சியதிலிருந்துதான் பங்கு வர வேண்டும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்படுவதற்கு முந்தைய கோடைக்காலங்களை மறக்காத குடும்பங்களுக்கு, உடல் அந்த நிலைமையில் என்ன செய்கிறது என்பது எளிதில் விளங்கும். வீட்டில் நான்கு குடம் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், குடிக்கவும் உலை வைக்கவும் முதலில் ஒதுக்குவோம், மாட்டுக்குக் காட்டுவோம், துணி துவைப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவோம், வாசல் ஓரத்துக் கறிவேப்பிலைச் செடி வாடினாலும் பொறுத்துக்கொள்வோம். உடலும் இப்படித்தான் வரிசை வைத்திருக்கிறது. இன்றைக்கு உயிரோடு இருக்கத் தேவையான வேலைகளை அது விடுவதில்லை. தள்ளிப்போடக் கூடியவை என்று அது கருதுவனவற்றில் கருத்தரிப்புக்கான ஏற்பாடும், எலும்பைக் கட்டும் வேலையும் முன்னால் நிற்கின்றன. மாதவிடாய் நிற்பது அந்த ஒத்திவைப்பு வெளியே தெரியும் அடையாளம். எலும்பு வாடுவது வெளியே தெரியாது.

ஒரு நாளின் கணக்கு

தருமபுரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வந்து, காவலர் உடற்தகுதித் தேர்வுக்குப் பழகும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அந்தத் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதன் பிறகு நீளம் தாண்டுதலும், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதலும், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டமும் உண்டு. இவளுடைய எடை 50 கிலோ. உடலில் கொழுப்பு 22 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 11 கிலோ கொழுப்பு போக, கொழுப்பு நீங்கிய எடை 39 கிலோ.

காலை ஐந்து மணிக்கு ஒரு டீ குடித்துவிட்டு மைதானத்துக்கு வருகிறாள். அது 80 கலோரி. பயிற்சி முடிந்து, பேருந்து பிடித்து, ஒன்பது மணிக்கு நான்கு இட்லியும் சட்னியும் சாப்பிடுகிறாள், 320. மதியம் டிபன் பாக்ஸில் சோறு, சாம்பார், பொரியல், 600. மாலையில் ஒரு டீயும் மூன்று பிஸ்கட்டும், 170. இரவு வீட்டில் ஓர் உருண்டை ராகிக் களியும் கீரைக் கடைசலும், 480. மொத்தம் 1650 கலோரி ஆகிறது. இந்த எண்கள் எல்லாம் தோராயமானவை; கரண்டியின் அளவும் எண்ணெயின் அளவும் வீட்டுக்கு வீடு மாறும். நான்கு வேளையும் ஏதோ சாப்பிட்டிருக்கிறாள், வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட்டிருக்கிறாள், பட்டினி கிடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி செலவைப் பார்ப்போம். சமதரையில் ஓடும்போது, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும் என்பது நினைவில் வைத்துக்கொள்ள எளிய விதி. ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 250 ஆகிறது. அதற்குப் பின் வேக ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்கு 350 என்று வைத்தால், மொத்தச் செலவு 600. சாப்பிட்ட 1650இல் 600 போக மிஞ்சுவது 1050. அதை 39ஆல் வகுத்தால், ஒரு கிலோவுக்கு 27 கலோரிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது.

இந்த 27 நல்லதா கெட்டதா என்பதை எடைபோட இரண்டு எண்கள் உதவுகின்றன. ஆரோக்கியமான பெண்ணுக்கு நாள் ஒன்றுக்குக் கொழுப்பு நீங்கிய எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 45 கலோரி எஞ்சினால், உடலின் எல்லா வேலைகளும் குறைவின்றி நடக்கும் என்று கொள்ளப்படுகிறது. 30க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் குழப்பங்கள் தொடங்கும் வாய்ப்பு மிகுதி. நம்முடைய பெண் அந்த 30ஐயும் தொடவில்லை. அவளுக்கு 45 கிடைக்க வேண்டுமானால், 39ஐ 45ஆல் பெருக்கிவரும் 1755ஓடு பயிற்சிக்கான 600ஐயும் சேர்த்து, 2355 கலோரி சாப்பிட வேண்டும். அதாவது நாள்தோறும் 705 கலோரி குறைகிறது. இந்தப் பற்றாக்குறையை அவளும் அறியவில்லை, அவள் அம்மாவும் அறியவில்லை. கடுமையான பயிற்சி முடிந்த கையோடு பசி சிறிது நேரம் மட்டுப்பட்டுவிடும் என்பதால், பசித்தால் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்ற வழக்கமான வழிகாட்டியும் இங்கே உதவுவதில்லை.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் லவுக்ஸ் என்ற ஆய்வாளரின் பணியிலிருந்துதான் இந்த எண் முதன்மையாகக் கிடைத்தது. பயிற்சியின் கடுமை என்ற மன, உடல் நெருக்கடியால் மாதச் சுழற்சி குலைகிறதா, அல்லது ஆற்றல் பற்றாக்குறையால் குலைகிறதா என்ற கேள்வியை அவர் குழுவினர் சோதித்தார்கள். 1998இல் வெளிவந்த ஆய்வு, பற்றாக்குறையே காரணம், பயிற்சி தரும் நெருக்கடி காரணமன்று என்று காட்டியது. பின்னர் 2003இல் வெளிவந்த ஆய்வில், மாதவிடாய் ஒழுங்காக வரும், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 29 இளம்பெண்கள் கலந்துகொண்டார்கள். எஞ்சும் ஆற்றல் கிலோவுக்கு 45, 30, 20, 10 கலோரி என்ற அளவுகளில் வரும்படி அவர்களுடைய உணவும் பயிற்சியும் ஐந்து நாட்களுக்கு வகுக்கப்பட்டன. கருமுட்டை முதிர்வதைத் தூண்டும் லூட்டினைசிங் ஹார்மோன் இரத்தத்தில் விட்டுவிட்டுத் துடிப்பாக வெளிவருவது. அந்தத் துடிப்புகளின் ஒழுங்கு, 30க்குக் கீழே போனபோது குலையத் தொடங்கியது. வெறும் ஐந்து நாட்களில் இது நடந்துவிட்டது என்பதை நான் ஒவ்வொரு முறை எண்ணிப் பார்க்கும்போதும் வியப்படைகிறேன்.

ஆயினும் 30ஐ ஒரு வேலிக் கம்பி போலக் கருதிவிடக் கூடாது. பிற்காலத்து ஆய்வுகளில், 30க்கு மேலே இருந்தும் சுழற்சி குலைந்தவர்கள் இருக்கிறார்கள், கீழே இருந்தும் குலையாதவர்கள் இருக்கிறார்கள். வயது, மரபு, தூக்கம், மனக்கவலை ஆகியவற்றைப் பொறுத்து எல்லை நகர்கிறது. எஞ்சும் ஆற்றல் குறையக் குறைய ஆபத்து கூடுகிறது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

உடலுக்குள் நடப்பது இதுதான். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி, உடலில் எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை இரத்தத்திலுள்ள குளுக்கோஸ், இன்சுலின், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் ஆகியவற்றின் வழியாக ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது. வரத்து குறைந்துவிட்டது என்று அது உணர்ந்தால், பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்பும் தூண்டுதலை மெதுவாக்குகிறது. அதனால் லூட்டினைசிங் ஹார்மோன் குறைகிறது, கருமுட்டை முதிர்வது தடைப்படுகிறது, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் வற்றுகிறது, முடிவில் மாதவிடாய் நிற்கிறது. கருப்பையிலோ சினைப்பையிலோ பழுது எதுவும் இல்லை. மேலிடத்திலிருந்து வர வேண்டிய கட்டளை வரவில்லை, அவ்வளவே. இதே வேளையில் தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவமும் குறைந்து, உடல் தன் அடுப்பையே தணித்துக்கொள்கிறது. எடை ஏமாற்றுகிறது என்று முன்னர் சொன்னது இதனால்தான். உள்ளே பல வேலைகள் நிறுத்தப்பட்டுச் செலவு சுருங்கிவிடுவதால், குறைவாகச் சாப்பிடுகிற பெண்ணின் எடை இறங்காமல் அப்படியே நிற்கக் கூடும். எடை இறங்கவில்லையே, ஆகவே இன்னும் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்று அவளோ அவள் பயிற்சியாளரோ முடிவு செய்தால், நிலைமை மேலும் மோசமாகும்.

எலும்பின் பங்கு

இந்தத் துறையில் முதல் அதிர்ச்சியைத் தந்தது எலும்புதான். 1984இல் பார்பரா டிரிங்க்வாட்டர் தலைமையிலான குழு, மாதவிடாய் நின்றுபோன விளையாட்டு வீராங்கனைகளையும், ஒழுங்காக வரும் வீராங்கனைகளையும் ஒப்பிட்டு, முதல் பிரிவினரின் முதுகெலும்பில் தாது அடர்த்தி குறைவாக இருப்பதை வெளியிட்டது. உடற்பயிற்சி எலும்பை வலுவாக்கும் என்பதுதான் எல்லோரும் அறிந்த செய்தி, அது உண்மையும்கூட. ஆனால் ஈஸ்ட்ரோஜன் வற்றிய உடலில், பயிற்சி தரும் அந்த நன்மையால் இழப்பை ஈடுகட்ட முடிவதில்லை. ஈஸ்ட்ரோஜன் எலும்பு கரைவதைக் கட்டுக்குள் வைக்கிறது. அது குறைந்தால் கரைவது கூடுகிறது. ஆற்றல் பற்றாக்குறையால் கட்டும் வேலையும் தனியாகக் குறைகிறது. இரண்டு பக்கமும் இழப்பு.

வயதை இங்கே மறந்துவிடக் கூடாது. பெண்ணின் எலும்பு நிறையில் மிகப் பெரும் பகுதி, பருவமடைதலை ஒட்டிய ஆண்டுகளிலும் இருபது வயதுக்கு முன்னும் பின்னுமாகச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பின் சேர்ப்பது மிகவும் கடினம். மாதவிடாய் முற்றுப்பெற்ற பிறகு எல்லோருக்கும் இழப்புதான். கபடியோ தடகளமோ காவலர் தேர்வோ, நம் பெண்கள் மிகக் கடுமையாக உழைக்கும் ஆண்டுகள் மிகச் சரியாக அந்தச் சேமிப்பு ஆண்டுகளோடு ஒன்றி வருகின்றன. பதினாறு வயதில் ஓராண்டு மாதவிடாய் நிற்பதை, நாற்பது வயதில் அப்படி நிற்பதோடு ஒப்பிட முடியாத காரணம் இதுவே.

உடனடியாகத் தெரியக் கூடிய கேடு, அழுத்த முறிவு எனப்படும் மெல்லிய விரிசல். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலோ, பாதத்தின் நீள எலும்புகளிலோ விரல் நுனியால் தொட்டுக் காட்டக் கூடிய ஓரிடத்தில் வலி இருக்கும். ஓடினால் கூடும், ஓய்வெடுத்தால் தணியும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். தைலம் தேய்த்துக்கொண்டு அதன் மேலேயே ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

1990களில் மருத்துவர்கள், உண்ணும் முறைக் கோளாறு, மாதவிடாய் நின்றுபோதல், எலும்பு நலிவு ஆகிய மூன்றையும் சேர்த்து வீராங்கனைகளின் முக்கூட்டுப் பிரச்சினை என்று பெயரிட்டார்கள். 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இதை விரிவாக்கி, பாதிப்பு மூன்றோடு நிற்பதில்லை, ஆண்களுக்கும் உண்டு என்று விளக்கியது. 2018லும் 2023லும் அந்த அறிக்கை புதுப்பிக்கப்பட்டது. அடிக்கடி சளி காய்ச்சல் வருவது, ஆறாத காயம், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தூக்கக் கேடு, எரிச்சல், பாடத்தில் மனம் ஒன்றாமை, எவ்வளவு பழகினாலும் ஓட்ட நேரம் குறையாமல் நிற்பது ஆகியவை எல்லாம் இந்தப் பட்டியலில் அடங்கும். கடைசியாகச் சொன்னதைப் பயிற்சியாளர்கள் சோம்பல் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதனால் பயிற்சியைக் கூட்டுகிறார்கள். அந்த முடிவு அப்பெண்ணை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மேலே பார்த்த கணக்கே காட்டிவிடும்.

நம் வட்டாரத்துச் சாப்பாடு

ராகி விளையும் மண்ணில் பிறந்தவர்களுக்கு எலும்பைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 100 கிராம் ராகியில் 340 முதல் 360 மில்லிகிராம் வரை சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்குதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு வளர்ந்த பெண்ணுக்குப் பரிந்துரைப்பது நாளுக்கு 1000 மில்லிகிராம் என்பதால், களியும் கூழும் உண்ணும் வழக்கம் நம் முன்னோர் விட்டுச்சென்ற பெரிய செல்வம்தான். ஆனால் சுண்ணாம்பு வெறும் செங்கல். கட்டுவதற்குக் கூலி ஆற்றல். கூலி கொடுக்காத இடத்தில் செங்கல் குவிந்து கிடந்தும் சுவர் எழும்பாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். களியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. 100 கிராம் மாவில் செய்த பெரிய உருண்டையில் 320 கலோரி அளவுதான் கிடைக்கும். வயல் வேலைக்குப் போகிறவர்கள் அதை நாளுக்கு இரண்டு மூன்று முறை, குழம்பும் பருப்பும் கடைசலும் சேர்த்து உண்டார்கள். எடை கூடிவிடும் என்று பயந்து, இரவில் ஓர் உருண்டையோடு நிறுத்திக்கொள்ளும் இன்றைய ஓட்டக்காரப் பெண் உண்பது அந்த உணவு அன்று.

மேலே சொன்ன 705 கலோரியை எப்படிக் கூட்டுவது? தட்டு நிறையச் சோற்றை ஒரே வேளையில் திணிக்கத் தேவையில்லை. மைதானத்துப் பையில் இரண்டு வாழைப்பழம் வைத்துக்கொண்டால் 180. பயிற்சி முடிந்ததும் கால் மணி நேரத்துக்குள் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையும் சிறு துண்டு வெல்லமும் தின்றால், கடலை 160ம் வெல்லம் 75ம் தரும். ஒரு டம்ளர் பால் 140. இரண்டு முட்டை 150. கூட்டினால் 705 வந்துவிடுகிறது. முட்டை உண்ணாதவர்கள் அவித்த தட்டைப்பயறோ மொச்சையோ ஒரு கிண்ணம் சேர்த்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த புரத மாவு டப்பா எதுவும் இதற்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்துக்குக் கடலையும் முட்டையும் வாங்கினால் பல வாரங்களுக்கு வரும்.

உண்ணும் நேரத்திற்கும் மதிப்பு உண்டு. காலை ஐந்து மணிக்கு டீ, பிறகு ஒன்பது மணி வரை வெறும் வயிறு என்பது, நாளின் மிகப் பெரிய செலவை மிகக் குறைந்த கையிருப்போடு செய்வதாகும். நாள் முழுவதன் மொத்தம் சரியாக இருந்தாலும், பல மணி நேரம் தொடர்ந்து பற்றாக்குறையில் இருப்பது நல்லதன்று என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சோற்றைக் கைவிட்டுக் காய்கறி மட்டும் உண்ணும் புதுப்பழக்கமும் பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஏற்றதன்று; மாவுச்சத்து குறைந்தால், அதே ஆற்றல் பற்றாக்குறையின் தீங்கு மேலும் கூடுகிறது.

இரும்புச் சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. சோர்வுக்கு அதுவும் காரணமாகலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்துக்கொண்டால் கூடும். ராகியை முளைகட்டி அரைத்தால் அதிலுள்ள இரும்பு எளிதாகச் சேரும்.

மைதானத்துக்கு வெளியே உழைப்பவர்கள்

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் விளையாட்டு வீராங்கனைகளிடம் நடத்தப்பட்டவை. ஆனால் பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் கூடை சுமப்பவரின் தசையும், ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் நாள் முழுவதும் நின்று பூப்பறிப்பவரின் தசையும் எரிபொருள் கேட்பதில் வேறுபடுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலையென்றால் நாளுக்கு 1660 கலோரியும், நடுத்தர உழைப்பென்றால் 2130 கலோரியும், கடும் உழைப்பென்றால் 2720 கலோரியும் வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கும் சுமப்பவருக்கும் இடையே ஆயிரம் கலோரிக்கு மேல் வேறுபாடு. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் இருப்பதைக் கடைசியாக உண்ணும் பெண்ணுக்கு அந்த ஆயிரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு, விடுமுறை நாளில் அம்மாவோடு மாங்காய்த் தோட்டத்து வேலைக்கும் போகிற பெண்ணுக்கு இரண்டு செலவும் சேர்ந்து விழுகின்றன.

மருத்துவரிடம் போவது எப்போது

மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டாலும், சுழற்சி 35 நாட்களுக்கு மேல் தொடர்ந்து நீண்டாலும், 15 வயது முடிந்தும் பூப்படையாவிட்டாலும், எலும்பில் ஓரிடத்து வலி நீடித்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நிற்பதற்குக் கர்ப்பம், தைராய்டுக் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை எனப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதால், ஆற்றல் பற்றாக்குறை என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடக் கூடாது. மருத்துவரிடம் பயிற்சி நேரத்தையும் அன்றாட உணவையும் தவறாமல் சொல்ல வேண்டும்; அவர் கேட்காமல் போனாலும் சொல்ல வேண்டும். சுழற்சியை வரவழைக்க என்று கருத்தடை மாத்திரை கொடுக்கப்பட்டால், அப்போது வரும் உதிரப்போக்கு மாத்திரையால் வருவது. உள்ளே இயல்புச் சுழற்சி திரும்பிவிட்டதாக அதைக் கொள்ள முடியாது, எலும்பையும் அது மீட்டுத் தருவதில்லை.

நம் இரு மாவட்டங்களில் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கலும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதியாக உள்ள ஊர்கள் இங்கே பல. ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைக் குறைக்கும் நோக்கமும் இடம்பெற்றிருக்கிறது. நீண்ட காலம் அந்த நீரைக் குடித்தவர்களுக்கு மூட்டு வலியும் எலும்பு வலியும் வருவதோடு, புளோரைடு படிந்த எலும்பு, அடர்த்தி அளக்கும் டெக்ஸா பரிசோதனையில் உண்மையான வலுவைவிட அடர்த்தியாகத் தோன்றக் கூடும். ஆகவே எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்வது நல்லது.

பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருக்கும் இடத்தில், மாதவிடாய் நின்றுபோனதை ஒரு பதினாறு வயதுப் பெண் சாரிடம் போய்ச் சொல்ல மாட்டாள். அக்கா என்று அழைக்கக் கூடிய மூத்த வீராங்கனை ஒருவரோ, உடற்கல்வி ஆசிரியை ஒருவரோ, நாள் குறிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்து மாதம் ஒருமுறை விசாரித்தால் போதும். எடை வரம்புக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்து ஆடச் சொல்வதைப் பயிற்சியாளர்கள் முற்றாகக் கைவிட வேண்டும். உண்ணவே அஞ்சுகிற, உண்டதற்காகத் தன்னையே நொந்துகொள்கிற பெண்ணுக்குக் கடலையும் பழமும் கொடுத்து அறிவுரை சொல்வது போதாது. அவளுக்கு மனநல மருத்துவரின் துணை தேவை.

உணவைக் கூட்டினால் என்ன நடக்கும்? மாதவிடாய்க் குழப்பமுள்ள, உடற்பயிற்சி செய்யும் பெண்களிடம் 12 மாதங்கள் நடத்தப்பட்டு 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாளுக்குச் சராசரியாக 330 கலோரி அளவு கூடுதலாக உண்டவர்களுக்கு மாதவிடாய் திரும்பும் வாய்ப்பு கூடியது. பயிற்சியை விட்டுவிடும்படி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பொதுவாக முதலில் உடல் சூடும் தூக்கமும் மன நிலையும் சீராகின்றன. இவை சில நாட்களிலோ வாரங்களிலோ தெரியும். மாதவிடாய் திரும்பச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை எடை ஓரிரு கிலோ கூடினால் அஞ்ச வேண்டியதில்லை. எலும்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வருகிறது. அதற்கு ஆண்டுகள் ஆகும். இழந்தது முழுவதும் திரும்பாமலும் போகலாம். அதனால் நாள் தள்ளிப்போன முதல் மாதத்திலேயே, மூன்றாவது மாதம் வரை காத்திராமல், காலைப் பையில் அந்த இரண்டு வாழைப்பழங்களையும் கடலையையும் வைக்கத் தொடங்கலாம்.